கூரைக்கு முன் இரண்டு டப்பாக்கள்

ஆசிரியருக்கு,

பள்ளிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது குறித்த தங்கள் செய்தி கண்டேன். மிக நல்ல முடிவு. அதன் காரணத்தை மாணவர்கள் தாங்களே அளந்து அறிய வேண்டும். ஒரே அளவுள்ள இரு தகர டப்பாக்களில் ஒன்றுக்குப் பளபளப்பில்லாத கறுப்பும் மற்றதற்கு வெள்ளையும் பூசி, தலா 200 மி.லி. நீர் ஊற்றி, தெர்மோகோல் மேல் வெயிலில் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தால் போதும்; வெள்ளையைவிடக் கறுப்பு டப்பாவின் நீர் அதிகம் சூடாவது தெரியும். மூடி அவசியம், திறந்திருந்தால் நீர் ஆவியாகி இரண்டையுமே குளிர்வித்துவிடும்.

எங்கள் பகுதியில் ஆனி, ஆடியில் வீசும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று டப்பாவின் சூட்டை அள்ளிச் சென்று வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறது. பாடமே தவறென்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். எனவே எங்களைப் போன்ற கேரள எல்லையோரப் பள்ளிகளில் இச்சோதனையைக் காற்று அடங்கிய மாசி முற்பகலில் நடத்தக் கல்வித்துறை அறிவுறுத்த வேண்டும்.

– அறிவியல் ஆசிரியர், கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டம்