பசுமை வழித்தடத்த முழுசா பாத்துக்க யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வளர்ற நகரங்கள்ல பசுமை வழித்தடம், அதாவது மரம் செடியோட நடுவுல விட்டுப்போகாம நீளமா போற பாதை, வேணும்னு இப்ப எல்லாரும் பேசறாங்க, சந்தோஷம்தான், ஆனா பேச்சு கடைசில எத்தனை மரம் நட்டோம்ங்கிற கணக்குலயே நின்னுடுது. பார்க்குல ஒரு மூலை போனாலும் மீதி பார்க் இருக்கும். வழித்தடம் அப்படி இல்ல சார், நடுவுல ஐம்பது மீட்டர் பார்க்கிங்கா மாறினா போதும், தவளையும் அணிலும் அந்தப் பக்கம் போக முடியாது, நடந்து வர்றவங்க ரோட்டுல இறங்கணும்.

அந்த ஐம்பது மீட்டர் ஏன் போகுதுன்னா, கால்வாய் கரை ஒரு துறை, ரோட்டோரம் இன்னொரு துறை, கரண்ட் கம்பிக்குக் கீழ வேற துறை, அவங்கவங்க துண்ட மட்டும் அவங்கவங்க பாக்கறாங்க. சிங்கப்பூர்ல 1990கள்ல இருந்து வடிகால் ஓரம், ரோட்டோரம்னு கிடந்த இடத்தையே கோத்து 300 கிலோமீட்டருக்கு மேல இணைப்புப் பாதை போட்டாங்க. தேசியப் பூங்கா வாரியம்னு ஒரு அமைப்பு பொறுப்பெடுத்ததாலதான் அது நடந்துச்சுன்னு நான் நம்பறேன்.

ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரி பள்ளத்துல இருக்கற ஊர், காத்து கம்மி. 1938லயே நகர நிர்வாகம் ஒரு வானிலை நிபுணர வேலைக்கு வச்சுது. ராத்திரி மலைச்சரிவுல இருந்து குளிர்காத்து இறங்கற பாதைய மேப்ல குறிச்சு, அங்க கட்டடத்துக்குக் கட்டுப்பாடும் வச்சிருக்காங்க. இப்படிப் பாதைய முன்னாடியே ஒதுக்காம, மத்த நிறைய ஊர்ல லேஅவுட்டுக்கு அனுமதி குடுத்த அப்புறம்தான் மிச்சம் கிடக்கற இடத்துக்குப் பச்சை கலர் அடிக்கறாங்க.

கொலம்பியாவுல மெடயின் நகரம் 2016ல ஆரம்பிச்சு 30 வழித்தடம் போட்டுச்சு, சூடு 2 டிகிரி அளவுக்குக் குறைஞ்சதுன்னு சொல்றாங்க, ஆனா எனக்கு அதவிட முக்கியமாப் படறது, வசதியில்லாத 75 பேருக்குப் பயிற்சி குடுத்து நகரத் தோட்டக்காரங்களா ஆக்கினதுதான். நடறதுக்கு டெண்டர் விட்டுட்டு அடுத்த ரெண்டு மூணு கோடைக்குத் தண்ணி ஊத்தற ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காம விட்டா கன்னு காயாம என்ன செய்யும்?

அதனால வழித்தடத்தோட எல்லை மாஸ்டர் பிளான்லயே சட்டப்படி இருக்கணும், முழு நீளத்துக்கும் ஒரே அமைப்பு பதில் சொல்லணும், பராமரிப்புக்கு வருஷா வருஷம் தனி பணம் வேணும். இன்னொண்ணு, பச்சை வந்ததும் பக்கத்துல நில விலையும் வாடகையும் ஏறும். கரையோரம் வருஷக்கணக்கா குடியிருக்கறவங்களக் கூப்பிட்டுப் பேசாம, அவங்கள வெளிய தள்ளிட்டு மரம் நடற திட்டத்துக்கு அனுமதியே குடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்