வாசிகசாலைக் கிணறு

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பின் யோகன்,

நலம். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் கடிதம் கண்டதும் எழுதுகிறேன்: வாசிகசாலைக் கிணற்று நீரிலிருந்து கட்மியம் என்ற நச்சு உலோகத்தை எடுக்கும் என்று ஒருவர் விற்கவரும் அந்த வடிகட்டிக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்!

‘கட்மியத்தை மட்டும் பிடிக்கும்’ என்று அவர் விற்பது சாதாரண மென்னீராக்கும் பிசின். அது நேரேற்ற அயன், அதாவது நேர் மின்னேற்றம் கொண்ட துகள், எதையும் பிடிக்கும்; கட்மியமும் கல்சியமும் நீரில் அப்படித்தான் இருக்கும். நம் சுண்ணாம்புக்கல் நீரில் கல்சியம் லீற்றருக்கு 100 மில்லிகிராம் இருந்தாலும் வியப்பில்லை. கட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லையோ லீற்றருக்கு 0.003 மில்லிகிராம். பிசினில் உள்ள இடமெல்லாம் கல்சியத்துக்கே போய்விடும்.

கல்சியத்தை விட்டுக் கட்மியத்தை மட்டும் பிடிக்கும் பிசினைச் செய்ய எங்கள் ஆய்வுகூடத்திலும் இதே மல்லுக்கட்டுதான். 1976இல் ஜப்பானில் நிஷிடே குழுவினர் காட்டிய வழி அருமையானது. உலோக அயனை நடுவில் வைத்தே பல்பகுதியச் சங்கிலிகளை (பிசினை ஆக்கும் நீண்ட மூலக்கூறுகளை) குறுக்காகப் பிணைத்து, பிறகு அமிலத்தால் அயனைக் கழுவி எடுப்பார்கள். அது இருந்த இடம் அதற்கென்றே காத்திருக்கும். ஆனால் கட்மிய அயனின் ஆரை சுமார் 95 பிக்கோமீற்றர், கல்சியத்தினது 100. குழியின் அளவு மட்டும் எப்படிக் காப்பாற்றும்? ஆகவே கந்தகம் கொண்ட கூட்டங்களைச் சேர்க்கிறோம். கட்மியம் கந்தகத்தை இறுகப் பிடிக்கும். கல்சியம் ஒட்சிசனைத்தான் நாடும். கந்தையா சேரின் பாடத்தில் நீ தூங்கிய பகுதி இதுதான்!

கவலை ஒன்று இருக்கிறது. இப்படி நாங்கள் செய்த பிசினின் வெளிறிய மஞ்சள் பொடியை எவ்வளவு கழுவினாலும், நடுவில் வைத்த கட்மியம் கழுவுநீரில் தலைகாட்டுகிறது. நஞ்சை எடுக்கச் செய்த பொருளே நஞ்சைக் கசியவிட்டால் அதை எந்தக் கிணற்றடிக்குக் கொண்டுபோவது? இது தீராமல் ஊருக்குத் தரமாட்டேன்.

யோகன், உங்கள் கிணற்றில் கட்மியம் இருக்கிறது என்று யார் அளந்தார்கள்? எனக்கு உரத்திலும் கழிவிலுமிருந்து நிலத்தடி நீருக்கு வரும் நைத்திரேற்று என்ற உப்புத்தான் பயம். சுற்றிவர வெங்காயத் தோட்டம், உரம், மலசலகூடக் குழிகள். நைத்திரேற்று எதிரேற்றமுள்ளது; அந்தப் பிசினூடாகத் தடையின்றிப் போய்விடும். கொதிக்க வைத்தாலும் குறையாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும். பச்சைக் குழந்தை உள்ள வீடுகளுக்கு இன்றே சொல்.

இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களில் நீர் எடு. உலோகத்தை அளப்பதற்கான போத்தலில் நான் அனுப்பும் நைத்திரிக் அமிலத்தைச் சில துளி விடு. மற்றதில் ஒரு துளியும் படக்கூடாது, பட்டால் நைத்திரேற்று அளவே பிழைத்துவிடும். அதை ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டையும் இரவு பஸ்ஸில் தம்பியிடம் கொடுத்துவிடு. காலையில் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரவி