ஆபரேஷன் தேதிக்கு முன்னால் உப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழ் தில்லிக்கு வந்துசேர நாலைந்து நாள் ஆகிறது. ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் காத்திருந்து படிப்பவள் நான். போன இதழின் மருத்துவக் கேள்வி-பதிலில், பிறந்து பத்து நாளான தன் குழந்தை ஆணா பெண்ணா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை என்று ஒரு தாய் எழுதியிருந்தார். பதில்: "கவலை வேண்டாம். ஒரு வயதுக்குள் சின்ன ஆபரேஷன் செய்துவிட்டால் போதும். குழந்தைக்கே தெரியாது." மேலே கொட்டை எழுத்தில் 'திருநங்கையாகப் பிறந்த குழந்தை' என்று தலைப்பு வேறு.

பத்து நாள் என்று அந்தத் தாய் எழுதியிருக்கிறார், ஐயா. அந்தக் கடிதம் உங்களுக்கு வந்து, பதில் எழுதி, அச்சாகி வருவதற்குள் எத்தனை வாரம் போயிற்றோ.

27 வருஷம் இங்கே பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். ஒருநாள் திரிலோக்புரியிலிருந்து வந்த நம் ஊர்ப் பெண்ணுக்கு இப்படி ஒரு குழந்தை பிறந்தது. பையன் என்றால் நூறு ரூபாய், பெண் என்றால் ஐம்பது என்று வாசலிலேயே வசூலிக்கும் ஆயா, அன்றைக்குப் பின்வழியாக நழுவிவிட்டாள். டாக்டர்கள் நாலு பேர் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டும் காட்டினார்கள். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் வந்து, "சிஸ்டர், குடிச்ச பாலையெல்லாம் கக்குது" என்றாள். "எல்லாக் குழந்தையும் கக்கும், தோளில் போட்டுத் தட்டு" என்று சொல்லி அனுப்பியது வேறு யாருமில்லை, நான்தான். நாலு நாள் கழித்துத் தூக்கி வந்தபோது, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. ரத்தத்தில் உப்பின் அளவு, அதாவது சோடியம், 112-க்கு இறங்கியிருந்தது. விடிவதற்குள் போய்விட்டது. ஆபரேஷன் சீட்டு அவள் பையில் மடித்தபடி இருந்தது.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் கோளாறு அது. பிறப்புறுப்பு தெளிவில்லாமல் பிறக்கும் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவதே இந்தக் கோளாறுதான். அதில் ஒரு வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும்; பிறந்த முதல் மூன்று வாரத்துக்குள் உயிரையே எடுத்துவிடும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் 17-ஓ.எச்.பி. என்ற ஹார்மோன் எல்லாம் பார்த்து, சுரக்காத ஹார்மோனுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும். அவசரம் என்றால் இதுதான் அவசரம். உங்கள் டாக்டருக்கோ கத்தி மட்டும்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

குழந்தைக்கே தெரியாதாம். ஒரு வயதில் ஆபரேஷன் ஆன ஒரு பிள்ளை, இருபத்திரண்டு வயதில் எங்கள் ரெக்கார்ட் ரூமுக்கு வந்து தன் பழைய ஃபைலைக் கேட்டது. கிடைக்கவில்லை. "உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தானே தெரியாது" என்றது. நான் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

தூத்துக்குடி கல்யாணப் பதிவு வழக்கு ஒன்றில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, குழந்தையை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கச் செய்யும் இந்த ஆபரேஷன்களைத் தடை செய்யச் சொன்னதும், உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர கூடாது என்று அதே வருஷம் ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை போட்டதும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் ஊர்ச் செய்திதானே! தில்லியில் குழந்தைகள் உரிமை ஆணையம் 2021-ல் இதையே பரிந்துரைத்தது. மறு வருஷம் முடிவெடுங்கள் என்று உயர் நீதிமன்றமும் அரசிடம் சொன்னது. வெறும் பரிந்துரையோடு இங்கே நாங்கள் ஏங்கிக் கிடக்க, ஆணையே உள்ள மாநிலத்தில் அச்சாகும் பத்திரிகை 'சின்ன ஆபரேஷன்' என்கிறது.

தலைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடம்போடு பிறப்பது இடைப்பாலினம். அது வேறு, திருநங்கை வேறு. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இரண்டையும் ஒரே வரையறைக்குள் போட்டிருக்கிறார்கள், உங்களைச் சொல்லி என்ன. நான் புதுக்கோட்டைக்காரி. எங்கள் கத்தக்குறிச்சி சாந்தி 2006-ல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வாங்கிய வெள்ளியை, பாலினச் சோதனையைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டபோது, நீங்கள் வைத்த தலைப்பு இன்னும் மறக்கவில்லை. அதைக் கண்டித்து அப்போதே எழுதினேன். மூன்று வரியாக வெட்டிப் போட்டீர்கள். அந்த மூன்று வரியில் கண்டனம் இல்லை, பாராட்டு மட்டும் இருந்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்தத் தாய்க்கு ஒரு திருத்தம் போடுங்கள். முகவரி இருந்தால் இன்றைக்கே ஒரு போன் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாந்தி பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், எனக்குப் பழக்கம்தான். சோடியம் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
ஆர்.கே.புரம், புதுதில்லி