துண்டு நெய்தவர்கள் என்ன ஆனார்கள்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் என்ன படிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான், யோசிக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். “நாங்கள் கரூரிலிருந்து அனுப்பும் துண்டும் விரிப்பும் அங்கே வந்து இறங்குகிறதே, அங்கே அதை நெய்துகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அரசாங்கம் ஏதாவது செய்ததா?” இத்தனை வருடத்தில் இதை என்னிடம் கேட்டது நீ ஒருவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் நான் இருக்கும் சார்லட்டிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் கன்னாபொலிஸ் என்ற ஊர். கேனன் மில்ஸ் என்ற துணி ஆலை கட்டிய ஊர் அது. அமெரிக்க வீடுகளின் குளியலறையில் தொங்கிய துண்டுகளில் பெரும்பங்கு ஒரு காலத்தில் அங்கேதான் நெய்யப்பட்டது. கைமாறிக் கைமாறி அந்த மில் கடைசியில் பில்லோடெக்ஸ் என்ற கம்பெனியிடம் வந்தது. 2003 ஜூலை 30 அன்று கம்பெனி மூடப்பட்டது. வட கரோலினாவில் மட்டும் சுமார் 4,800 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. இந்த மாநிலம் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கடன் சுமை, நிர்வாகக் கோளாறு எல்லாம் இருந்தன. ஆனால் மலிவாக வந்து குவிந்த வெளிநாட்டுத் துணிதான் முக்கியக் காரணம்.

அரசாங்கம் செய்ததா என்றால், செய்தது. டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ் என்று ஒரு திட்டம், எல்லோரும் டி.ஏ.ஏ. என்பார்கள். 1962-இல் கென்னடி கொண்டுவந்தது. சுங்க வரியைக் குறைப்பது நாடு எடுத்த முடிவு, அதனால் அடிபடுகிறவர் முழுச் சுமையையும் தனியே தாங்கக் கூடாது, அரசும் பங்கு ஏற்க வேண்டும் என்பது அவர் நாடாளுமன்றத்துக்குச் சொன்ன நியாயம். எனக்கு இது தானமாகத் தெரியவில்லை, கடனாகவே தெரிகிறது. துண்டு விலை குறைந்ததால் நாட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் லாபம். நட்டம் மட்டும் கன்னாபொலிஸ் மாதிரி சில ஊர்களின் தலையில் மொத்தமாக விழுந்தது. லாபம் பார்த்தவர்கள் நட்டப்பட்டவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் அல்லவா? ஆனால் சட்டத்தில் வைத்த நிபந்தனைகள் அவ்வளவு கடுமை. 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட உதவி கிடைக்கவில்லை. 1974-இல் நிபந்தனைகளைத் தளர்த்திய பிறகுதான் பணம் ஓட ஆரம்பித்தது. ரீகன் வந்ததும் 1981-இல் மறுபடி வெட்டினார்கள். தொழிற்சங்கத்தார் இதைச் சவ அடக்கச் செலவுக்கான காப்பீடு என்று கசப்போடு சொல்வதுண்டு.

பில்லோடெக்ஸ் மூடிய சமயத்தில் நான் இங்குள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வேளையில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனேன். பள்ளியை முடிக்காமல் மில்லுக்குள் போனவர்கள் அங்கே ஏராளம். துண்டின் ஓரம் தைக்கும் பிரிவில் ஆயுசு முழுக்க உழைத்த ஒரு அம்மாள் என் வகுப்பில் பின்னம் படித்தார். பேத்திக்கும் அந்த வருடம் பள்ளியில் அதே பாடம். ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிட்டதில்லை. தவறவிட்டால் டி.ஏ.ஏ. தரும் வாரப் பணம் நின்றுவிடும் என்பது ஒரு காரணம். படிக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிய காரணம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரப் பணம்தான் திட்டத்தின் உயிர். வேலையின்மைக் காப்பீடு அப்போது 26 வாரத்தில் தீர்ந்துவிடும். பயிற்சியில் சேர்ந்தவருக்கு அதன் பிறகும் உதவித்தொகை வரும், எல்லாம் சேர்த்து 104 வாரம். பள்ளிப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியவருக்கு இன்னொரு 26 வாரம். கல்லூரிக் கட்டணம் தனி. சொல்லும்போது தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை போன 16 வாரத்துக்குள், அல்லது தகுதிச் சான்று கிடைத்த 8 வாரத்துக்குள் பயிற்சியில் சேர வேண்டும் என்று அப்போது விதி. இரண்டில் எது பிந்தியதோ அது கெடு. வீட்டுத் தவணை கட்ட வழி தெரியாமல் நிற்கிறவர், இனி ஆயுசுக்கும் என்ன தொழில் செய்யப்போகிறோம் என்பதை அதற்குள் முடிவு செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு 65 சதவீதம் கொடுத்தது. மீதி 35 சதவீதத்தைக் கட்ட முடியாமல் காப்பீட்டையே விட்டவர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்குவதா, மின்கட்டணம் கட்டுவதா என்ற நிலையில் இருந்தவர்களோடு பேசியிருக்கிறேன், முருகேசா. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

இன்னொரு தொல்லை, வேலை ஏன் போனது என்பதை நிரூபிக்க வேண்டும். மூன்று தொழிலாளிகள் சேர்ந்தோ, சங்கமோ, கம்பெனியோ வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் துறைக்கு மனு போட வேண்டும். இறக்குமதிதான் காரணம் என்று துறை ஒப்புக்கொண்டால் உதவி. இயந்திரம் வந்து வேலை போனது என்றால் கிடையாது. வாடகை இருவருக்கும் ஒன்றுதானே? மென்பொருள் தொழில்காரர்களும் இதில் மாட்டினார்கள். மென்பொருள் வேலை இந்தியாவுக்குப் போனதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மனு போட்டபோது, மென்பொருள் ஒரு பண்டமே அல்ல என்று தள்ளிவிட்டார்கள். நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2006-இல் துறை தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. 2009-இல் சட்டமே சேவைத் துறைக்கும் விரிந்தது. அந்த வேலைகளில் சில சென்னையில் நம் கல்லூரி நண்பர்களிடம்தான் போயிருக்கும். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இங்கே வேலை போனவர் மேலும் இல்லை.

சரி, பலன் இருந்ததா? ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. அரசுக்காக நடந்து 2012-இல் வெளிவந்த மதிப்பீடு, நான்கு வருடம் கழித்தும் திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது. பிறகு பெஞ்சமின் ஹைமன் என்ற பொருளாதார ஆய்வாளர் வேறு வழியில் ஆராய்ந்தார். மனுக்களை விசாரிக்கும் அதிகாரிகளில் சிலர் தாராளம், சிலர் கறார். யாரிடம் மனு போகும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அதை வைத்து ஒப்பிட்டபோது, உதவி கிடைத்தவர்கள் பத்து வருடத்தில் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். போகப்போக அந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது என்றாலும், இது சின்ன விஷயம் இல்லை.

என்னைக் கேட்டால் திட்டத்தில் மிக நல்ல பகுதி அதிகம் பேசப்படாத ஒன்று. ஐம்பது வயது கடந்தவர் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலையில் சேர்ந்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு கொடுக்கும். மணிக்கு 14 டாலர் வாங்கியவர் 10 டாலர் வேலைக்குப் போனால் மணிக்கு 2 டாலர் அரசிடமிருந்து வரும். உச்சவரம்பு இரண்டு வருடத்துக்கு 10,000 டாலர். 55 வயதுக்காரரை வெல்டிங் வகுப்பில் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மரியாதை. அவர் உடனே வேலைக்குப் போகலாம், வீடு கையைவிட்டுப் போகாது.

இப்போது அதுவும் இல்லை. 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் தொழிலாளர் துறைக்கு இல்லை. சட்டம் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. அதற்கு முன் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. எதிர்த்து யாரும் பெரிதாகக் குரல் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். வட கரோலினாவில் 2013-இல் வேலையின்மைக் காப்பீட்டையும் சுருக்கிவிட்டார்கள். வேலையின்மை விகிதம் குறைவாக இருக்கும் காலத்தில் இப்போது 12 வாரம்தான். அரசியல்வாதிகள் இருபக்கமும் சுங்க வரியைப் பற்றியே பேசுகிறார்கள். வரி போட்டாலும் எடுத்தாலும் எங்கோ ஒரு ஆலை மூடத்தான் போகிறது. அந்த வாசலில் நிற்கிறவருக்கு என்ன என்று கேட்பார் இல்லை.

கன்னாபொலிஸில் அந்த மில்லை இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் ஆராய்ச்சி வளாகம் கட்டியிருக்கிறார்கள், நல்ல கட்டடங்கள். ஓரம் தைத்தவர்களுக்கு அங்கே என்ன வேலை இருக்கும், நீயே சொல்.

அந்த அம்மாள் பள்ளிச் சான்றிதழ் வாங்கிவிட்டார். அப்புறம் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மில்லில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவுதான். நான் கேட்டபோது, படித்ததற்கு வருத்தமில்லை, இரண்டு வருடம் வீட்டைக் காப்பாற்றியது அந்த வாரப் பணம் என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோனால் தையல்காரர்களும் பேக்கிங் ஆட்களும் என்ன செய்கிறார்கள்? பி.எஃப். பணத்தை எடுத்துச் சாப்பிடுகிறார்களா, வேறு தொழிலுக்குப் போகிறார்களா? சம்பள வித்தியாசத்தில் பாதி என்ற அந்த ஏற்பாடு அங்கே நடக்கக்கூடியதா, தொழிற்சங்க ஆட்கள் யாரிடமாவது பேசிப் பார்த்து எழுது. பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன், லீவு இன்னும் உறுதியாகவில்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சாமிநாதன்