தம்புள்ளையில் இறங்கினேன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் மாலதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்காலுக்கு ஊசி போட்டதாக எழுதியிருந்தாய். இப்போது படி ஏற முடிகிறதா? ஏன் கேட்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

58 வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன் என்றபோது தொலைபேசியில் அப்படிச் சிரித்தாயே, கேள். போன சனிக்கிழமை தம்புள்ளைப் பாறையில் இருக்கும் குகை விகாரை வரை நானே காரை ஓட்டிப் போய், நானே ஓட்டித் திரும்பினேன். போக மட்டும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதுவரை நான் தனியாக ஓட்டிய பெரும்பயணம் பம்பலப்பிட்டி கதிரேசன் கோவில்!

விடிய நாலரைக்குப் புறப்பட்டோம். கடவத்தை தாண்டும்வரை இவர் பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கஜுகமவில் முந்திரிப்பருப்புக்காரிகள் இன்னும் கடை விரிக்கவில்லை. வரகாபொலையில் எள்ளுருண்டை வாங்கினோம். அம்பேபுஸ்ஸையில் கண்டி வீதியை விட்டு நம் ஊர் திருகோணமலை வீதிக்குத் திரும்பியபோது கை வியர்த்தது. குருநாகலுக்கு அப்பால் ‘கொழும்பு – திருகோணமலை’ என்று பலகை மாட்டிய பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி என்னை உரசாத குறையாக முந்திப் போனது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உன் ஞாபகம்தான் வந்தது, கோபிக்காதே.

விடுதியிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்புள்ளையில் பஸ் நிற்குமே. இருட்டில் இறங்கித் தேநீர் குடிப்போம், பணிஸ் வாங்குவோம், ஏறிவிடுவோம். யுத்த காலத்தில் இறங்கச் சொன்ன இடங்களில் எல்லாம் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறினோம். அந்தப் பாறையை எத்தனை தடவை கடந்திருப்போம்! மேலே என்ன இருக்கிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் தம்புள்ளை என்றால் எனக்குத் தொலைக்காட்சிச் செய்தியில் சொல்லும் கத்தரிக்காய் விலைதான்.

அடிவாரத்தில் தாமரை வாங்கினேன். பூக்காரி மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பூவாக்கித் தந்தாள். பாதிப் படியில் ஒரு குரங்கு வந்து அதில் மூன்றைப் பறித்துக்கொண்டு, மதிலில் இருந்து இதழ் இதழாகத் தின்றது. புத்தருக்கு மிஞ்சியது இரண்டு.

மேலே செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்தரை மணி வெயிலில் அந்தப் பாறை தோசைக்கல். 35 வருடங்களாக நிதானம் தவறாத இவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

முதல் குகையில் பாறையிலேயே செதுக்கிய சயனப் புத்தர், ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். குகை ஒடுக்கமானது, பின்னுக்குப் போய் முழுவதையும் பார்க்க இடமில்லை. எனவே நான் அதிகம் பார்த்தது உள்ளங்காலைத்தான். மருதாணி போட்டதுபோல் சிவப்பு. கீழே வீதியோரம் இருக்கும் பொன்னிறப் பெரிய புத்தரை விட இந்தக் கால் எனக்குப் பிடித்தது. அந்தக் குகைக்குத் தேவராஜ குகை என்று பெயர். தேவராஜன் என்பது நம் விஷ்ணுதானாம்.

இரண்டாவதுதான் பெரியது. உள்ளே போனதும் மேற்கட்டி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவும் ஓவியம்! பாறை ஏறி இறங்கும் இடமெல்லாம் படமும் கூடவே ஏறி இறங்குவதால் துணி தொங்குவதுபோல் தெரிகிறது. ஒரு பக்கத்தில் கூரைப் பிளவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே பாத்திரம் வைத்துத் தடுப்புக் கட்டியிருக்கிறார்கள். எந்த வறட்சியிலும் நிற்பதில்லையாம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் ஆறு தடவை ‘சிவ சிவ’ என்றேன்.

அங்கே ஒரு வயதான வழிகாட்டி ஒட்டிக்கொண்டார். சிங்களத்துக்கு நடுவே தமிழும் வந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அநுராதபுரத்தை இழந்து 14 ஆண்டுகள் மறைந்து திரிந்தபோது தங்கிய இடம் இது, நாட்டை மீட்டபின் விகாரையாக்கினான் என்றார். “யாரிடம் இழந்தான்?” என்று இவர் வேண்டுமென்றே கேட்டார். கிழவர் என் பொட்டைப் பார்த்தார். “வெளியிலிருந்து வந்தவர்களிடம்” என்றார்.

“தமிழரிடம் என்று மகாவம்சத்திலேயே இருக்கிறதே ஐயா, எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள்” என்றேன்.

கிழவர் ஒரு கணம் திகைத்துப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகுதான் மனிதர் உண்மையாகக் காட்டத் தொடங்கினார். சிலைகளுக்கு நடுவே நிற்கும் விஷ்ணுவையும், சிங்களவர் வணங்கும் சமன் தெய்வத்தையும் காட்டினார். மூன்றாவது குகைக்குக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனார். அங்கே கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சிலையாக நிற்கிறான். 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டவன். இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி அவன் காலத்தில் தீட்டியது. “இவருடைய ஆட்கள் எங்கிருந்து வந்தவர்கள் தெரியுமா நோனா? மதுரை!” என்று என் காதருகே சொன்னார், ஏதோ ஊர் வம்பு சொல்வதுபோல. அந்த மன்னனின் நாயக்கர் வம்சத்துக்கு வீட்டுமொழி தெலுங்கு என்று இவர் உடனே திருத்தினார். இவரைத்தான் உனக்குத் தெரியுமே.

நான்காவதும் ஐந்தாவதும் மனதில் நிற்கவில்லை. பசி. வெளியே வந்து பார்த்தால் தூரத்தில் சிகிரியாப் பாறை, கவிழ்த்து வைத்த பெட்டி மாதிரி.

திரும்பும் வழியில் பொருளாதார நிலையத்துக்கு, அதுதான் அந்த மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் போய் அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டேன். லொறிக்காரர்கள் சிரித்தார்கள். ஐந்து கிலோவுக்குக் குறைந்து தரமாட்டோம் என்றார்கள். மூன்று நாட்களாகக் கத்தரிக்காய்தான் சமையல். மேல்மாடி வீட்டுக்கும் கொடுத்தாயிற்று.

ஆகஸ்டில் நீ வரும்போது ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டாம், நான் கூட்டிப் போகிறேன். தம்புள்ளையில் இறங்குவோம். படிகளுக்கு நடுவே இருந்து மூச்சு வாங்க இடமிருக்கிறது, உன் கால் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். தடித்த காலுறை மூன்று சோடி கொண்டு வா. இவருக்கும் சேர்த்து.

அன்புடன்,
சாந்தி