றக்பி நாளில் பூட்டு, உதைபந்து நாளில் திறப்பு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான அக்காமார், அண்ணாமார், தம்பி தங்கச்சிமாருக்கு வணக்கம்.

வழக்கம்போலக் கடைக் கண்ணாடியில் இரண்டு வரி எழுதி ஒட்டியிருக்கலாம். ஆனால் இரண்டு வரி எழுதி ஒட்டிய பலகையால்தான் இவ்வளவு கதையும் வந்தது. அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன். தேத்தண்ணி ஒன்று ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் கொத்துரொட்டிக் கடையைப் பற்றி வட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே அதை ஏழு பேர் அனுப்பினார்கள். "றக்பி மட்ச் என்றால் கடை பூட்டு. புட்போல் பைனல் என்றால் நடுச்சாமம் வரை திறப்பு. எங்கள் பிள்ளைகள் வேல்ஸ் சட்டையோடு போனால் முதலாளிக்கு முகம் கறுக்குது." எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மரக்கறிக் கொத்து வாங்குபவர், எனக்கு வேண்டியவர். வேண்டியவர் எழுதினால்தானே சுடும்.

கதை தொடங்கியது பலகையில். 2028 யூரோவின், அதாவது ஐரோப்பிய நாடுகளின் உதைபந்துக் கிண்ணத்தின், முதல் ஆட்டம் எங்கள் கார்டிஃப் பிரின்சிபாலிட்டி மைதானத்திலும் இறுதியாட்டம் இலண்டன் வெம்பிளியிலும் என்று செய்தி வந்தபோது எனக்குக் கொஞ்சம் மனம் பொறுக்கவில்லை. 2017 இல் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் இங்கே நடந்த அன்று எங்கள் வாசலில் எடுத்த படத்தை ஒட்டி, "அடுத்த பெரிய உதைபந்து இறுதியாட்டம் இங்கேதான் நடக்க வேண்டும்" என்று கீழே எழுதி வைத்தேன். அடுத்த நாள் ஒரு தம்பி வந்தான். பதினான்கு வயது, ஊர்க் கழகத்தில் றக்பி விளையாடுகிறவன். "அங்கிள், அது றக்பிக்காரர் கட்டின மைதானம். இறுதியாட்டத்தை ஏன் புட்போலுக்குக் குடுக்கோணும்?" என்று கேட்டான். கடையில் சனம் நின்ற நேரம். "வருசத்தில ஆறேழு நாள் விளையாடுறதுக்கு அவ்வளவு பெரிய மைதானமா தம்பி?" என்று பகிடியாகச் சொல்லிவிட்டேன். பகிடி வாசலைத் தாண்டும்போது பகையாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு வருந்துகிறேன். தம்பியிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

மைதானம் றக்பிச் சங்கத்தினுடையதுதான், மறுப்பில்லை. 1999 றக்பி உலகக் கிண்ணத்துக்காகப் பழைய ஆம்ஸ் பார்க் மைதானத்தை இடித்துக் கட்டியது. ஆனால் கட்டி இரண்டு வருடம் முடியுமுன்பே உதைபந்து உள்ளே வந்துவிட்டது. இலண்டனில் பழைய வெம்பிளியை 2000 இல் மூடினார்கள், புதியது 2007 வரை திறக்கவில்லை. 2001 முதல் 2006 வரை இங்கிலாந்து உதைபந்துச் சங்கத்தின் ஆறு எப்.ஏ. கிண்ண இறுதியாட்டங்களும் எங்கள் ஊரில்தான் நடந்தன. நான் அப்போது வேறொருவர் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். 2003 இல் மழை. கூரையை மூடிவிட்டு ஆர்சனலும் சவுத்தாம்ப்டனும் விளையாடின. அதுவரை கூரைக்குக் கீழே ஒரு எப்.ஏ. இறுதியாட்டம் நடந்ததே இல்லை. 2005 இல் ஆர்சனலும் மன்செஸ்டர் யுனைட்டெட்டும் கோல் இல்லாமல் முடித்து, அந்தக் கிண்ண வரலாற்றிலேயே முதல் தடவையாகப் பெனால்டியில் முடிவு வந்தது. அடுத்த வருடம் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் ஜெரார்ட் கடைசி நேரத்தில் தூரத்தில் இருந்து அடித்த அடி இருக்கிறதே, அந்த இரைச்சல் ஆற்றைத் தாண்டி எங்கள் சமையலறைக்குக் கேட்டது. கையில் இருந்த கோப்பை உடைந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள்.

தெற்குப் பக்க உடைமாற்றும் அறைக் கதையும் உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்த அறையில் இறங்கிய அணிகள் பத்துக்கும் மேற்பட்ட இறுதியாட்டங்களில் வரிசையாகத் தோற்றன. வாஸ்து பார்ப்பதுபோல் ஃபெங் சுயிக்காரரைக் கூப்பிட்டு, சுவரில் சித்திரமும் தீட்டினார்கள். 2002 இல் ஸ்டோக் சிட்டி அதே அறையில் இறங்கி வென்று அந்தத் தோஷத்தைக் கழித்தது. வெள்ளைக்காரனுக்குச் சகுனம் இல்லை என்று சொல்பவர்கள் இதை ஒருக்கால் யோசிக்கவும்.

இனி, றக்பி மைதானத்தில் உதைபந்து பொருந்துமா என்ற கேள்வி. ஓட்டப்பந்தயத் தடம் சுற்றிவர ஓடும் மைதானங்களில் பார்வையாளர் வெகுதூரத்தில் இருப்பார்கள், அங்கே பொருந்தாது. இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. றக்பிக் களம் கோட்டுக்குக் கோடு நூறு மீற்றர் வரை நீளம், எழுபது மீற்றர் வரை அகலம், இரண்டு தலைப்பிலும் விழுந்து புள்ளி எடுக்கும் நிலம் வேறு. பெரிய இறுதியாட்டங்களுக்குக் கேட்கும் உதைபந்துக் களம் 105க்கு 68 மீற்றர். இரண்டு கம்பத்தையும் கழற்றினால் உள்ளே அப்படியே உட்காரும். எழுபத்து நாலாயிரம் பேருக்கான இருக்கைகள் புல்லின் விளிம்பிலிருந்தே ஏறிப் போகின்றன. வெம்பிளியில் தொண்ணூறாயிரம் இருக்கலாம். ஆனால் புகையிரதத்தால் இறங்கிய ஆள் ஐந்து நிமிடம் நடந்து வாசலுக்கு வரக்கூடிய மைதானம் எத்தனை?

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தம்பி விடமாட்டான். ஸ்க்ரம் என்று றக்பியில் இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்களே, அப்படிப் பதினாறு பேர் தள்ளுப்பட்ட புல்லில் பந்து உருட்டி விளையாடுவது கடினம். முந்தி அந்தப் புல்லைத் தட்டுத் தட்டாக வைத்து அடுக்கியிருந்தார்கள், அது பெயர்ந்து பெயர்ந்து வரும். 2014 இல் செயற்கை இழை கலந்த புல் போட்ட பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. ஆனால் கணக்குப் பாருங்கள். ஆறு நாடுகள் றக்பிப் போட்டி மாசி, பங்குனியில் முடிகிறது. மற்றச் சர்வதேச ஆட்டங்கள் கார்த்திகையில். உதைபந்து இறுதியாட்டம் வருவது வைகாசி, ஆனியில். இதில் யாருடைய சோற்றை யார் பறிக்கிறார்கள்? டப்ளினில் லான்ஸ்டவுன் வீதி மைதானத்தை றக்பிச் சங்கமும் உதைபந்துச் சங்கமும் கூட்டாகவே வைத்திருக்கின்றன. 2011 இலும் 2024 இலும் யூரோப்பா லீக் இறுதியாட்டம் அங்கே நடந்தது. யாரும் கடைக்காரரை வைது எழுதவில்லை.

சரி, இப்போது என்னைச் சுட்ட இடத்துக்கு வருகிறேன்.

2017 ஆனி 3, சனிக்கிழமை. ரியல் மட்ரிட் 4, யுவென்டஸ் 1. பாதுகாப்புக்காகக் கூரையை மூடிவைத்து நடத்திய முதல் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். விளம்பரப் பெயர் கூடாது என்று மைதானத்தின் பெயரையே அன்றைக்கு "வேல்ஸ் தேசிய அரங்கு" என்று மாற்றிவிட்டார்கள். அன்று எங்கள் கடை இரவு ஒரு மணி வரை திறந்திருந்தது உண்மை. பாரிஸிலும் சுவிஸிலும் இருந்து எங்கள் பிள்ளைகள் ரிக்கெற் இல்லாமலே வந்திருந்தார்கள், ஊரின் வாசத்தைப் பிடித்தாலே போதும் என்று. ஸ்பானியக் குடும்பம் ஒன்று சோறு கேட்டது. இத்தாலியர் இருவர் தோற்ற துக்கத்தில் ஆட்டிறைச்சிக் கொத்தைச் சாப்பிட்டுவிட்டு, உறைப்பில் அழுதார்களா, தோல்வியில் அழுதார்களா தெரியவில்லை. ஒரு நாள், வாழ்நாளில் ஒரு நாள். அதை வைத்து "புட்போல் என்றால் திறப்பு" என்று சட்டம் எழுதலாமா?

றக்பி நாளில் பூட்டியதற்குக் காரணம் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறீர்கள். குடித்துவிட்டு வருவார்கள் என்று பயம், கழிவறை ஒன்றுதான், வெள்ளைக்காரச் சனத்தைப் பிடிக்காது, இப்படி. கழிவறை ஒன்றுதான் என்பது மட்டும் உண்மை. றக்பிச் சனத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு அணிக்காரரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்து, கையில் பியரோடு பார்ப்பவர்கள். உதைபந்துக்கு 1985 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, களம் தெரியும் இடத்தில் மது கூடாது என்று. றக்பிக்கு அந்தச் சட்டம் இல்லை, அது தேவைப்படவும் இல்லை. இதைவிட நற்சான்றிதழ் என்னால் தர முடியாது.

உண்மையான காரணத்தை இத்தனை வருடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று கேட்டவர் எங்கள் கொத்து மாஸ்டர்.

மாஸ்டர் கண்டிக்காரர். நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் பந்து உதைத்து வளர்ந்தவன், அவர் நித்தவெல மைதானத்து மதிலில் ஏறியிருந்து றக்பி பார்த்து வளர்ந்தவர். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி றக்பிக் கேடயத்தில் எந்த வருடம் யார் வென்றார் என்று வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒப்புவிப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு நிபந்தனை வைத்தார்: "முதலாளி, சம்பளம் நீங்க பாத்துத் தாங்க. வேல்ஸ் இங்க விளையாடுற நாளில எனக்கு லீவு வேணும்." வேல்ஸ் இங்கே ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், சேர்த்து வைத்த காசில் ரிக்கெற் எடுப்பார். கொத்து அடிக்க வேறு ஆள் இல்லை. தட்டுச் சத்தம் இல்லாமல் கடையைத் திறந்து என்ன செய்வது? நீங்கள் ஐயப்பட்ட ஒவ்வொரு பூட்டிய சனிக்கிழமையும் எங்கள் மாஸ்டர் மைதானத்துக்குள்ளே நின்று வேல்ஸ் கீதத்தைத் தமிழில் எழுதிவைத்துப் பாடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வேலை செய்யும்போது தான் மட்டும் மட்ச் பார்க்கிறேன் என்று வாடிக்கையாளர் நினைப்பார்கள் என்று அவருக்கு வெட்கம். அதனால் பேசாமல் இருந்தேன். பழி என் தலையில் விழட்டும் என்று விட்டேன், விழுந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், மாஸ்டர் போன மாதம் வேலையை விட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். மகள் அங்கே பிள்ளை பெற்றிருக்கிறாள், பேரனைப் பார்க்கப் போயிருக்கிறார், திரும்பி வருவது நிச்சயமில்லை. போகும்போது சொல்லட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தலையாட்டினார். தன் சிவப்புச் சட்டையைக் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வந்து பாருங்கள். றக்பிக்கு எதிரியான கடையில் அந்தச் சட்டை தொங்குமா?

புதிய தம்பி ஒருவர் பழகுகிறார். கை இன்னும் வரவில்லை, தட்டுச் சத்தத்தில் தாளம் பிசகுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். செலவும் ஏறிவிட்டது. 2025 சித்திரையில் முதலாளிமார் கட்டும் தேசியக் காப்புறுதி 13.8 வீதத்திலிருந்து 15 ஆனது. அதோடு எரிவாயு, தேங்காய்ப்பால் தகரம், ஆட்டிறைச்சி எல்லாம் ஏறிய கதையை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அதனால் சனிக்கிழமை நண்டுக்கறி இனி மாதத்தில் முதல் சனிக்கிழமை மட்டும்.

மாஸ்டர் இல்லாததால் இனி றக்பி நாளிலும் கடை திறக்கும், மாலை ஐந்து மணி முதல். பாலத்துப் பக்கம் வீதியை அடைத்திருப்பார்கள், காரில் வராமல் நடந்து வாருங்கள். அன்று தொலைபேசியில் ஓடர் எடுக்க முடியாது.

கடை தொடங்கிய முதல் கிழமையில் நாற்காலி போதாமல் நின்று சாப்பிட்டவர்களுக்கும், கொரோனாக் காலத்தில் தேவை இல்லாவிட்டாலும் பத்து இடியப்பம் வாங்கியவர்களுக்கும், மாஸ்டருக்குப் பிரியாவிடைக்கு வந்து அழுதவர்களுக்கும் நான் என்ன சொல்லி நன்றி சொல்வேன். உங்களால்தான் இந்த அடுப்பு எரிகிறது. வட்ஸ்அப்பில் எழுதிய அண்ணாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை மரக்கறிக் கொத்து என் கணக்கில்.

பலகையைக் கழற்றவில்லை. தம்பி போன சனிக்கிழமை வந்து, என் வரிக்குக் கீழே தன் கையால் எழுதிவிட்டுப் போனான்: "சரி, ஆனால் முடிந்ததும் கம்பத்தைத் திருப்பி நடவேண்டும்." எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்

பி.கு.: மைதானத்தில் ஆட்டம் உள்ள நாட்களில் கொத்து 12 பவுண்ஸ். மற்ற நாட்களில் பழைய விலையோடு ஒரு பவுண் மட்டும் கூட.