மைக் மாட்டும்போது பேசியது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஒரு பெரிய எடிட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன், நேற்றுதான் கை விடுபட்டது. தோள்வலி இப்போது பரவாயில்லை. கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலைத் தொடாமல் இருந்ததே மருந்தாகிவிட்டது. உன் மகளும் எடிட்டிங் டேபிளில் உட்கார ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஐந்து நிமிடப் படத்தை முடித்துக் கொடுத்து, பணமும் வந்த பிறகு, "காசு கொடுத்தது நாங்கள், ஷூட் பண்ணியது மொத்தத்தையும் கொடுங்கள்" என்கிறாராம் கிளையன்ட். கேமரா பிடித்தவனுக்குத்தானே ஃபுட்டேஜ் சொந்தம் என்று கோபமாக எழுதியிருக்கிறாய்.

எல்லா ஊர்ச் சட்டமும் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் ஃப்ரீலான்ஸர் எடுத்தது பொதுவாக அவருக்குத்தான் சொந்தம். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு கிட்டத்தட்ட தலைகீழ்: ஒருவர் கேட்டு, அவர் பணத்தில் எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர். இரண்டு இடத்திலும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால் நிலைமை மாறும். உன்னிடம் அந்தத் தாள் இல்லை.

எனக்கு நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நிறுவனத்துக்காக, ஓய்வு பெறப்போகும் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்தேன். சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டே, ஆடியோ லெவல் பார்ப்பதற்காக ரெக்கார்டிங்கை ஓடவிட்டிருந்தேன். அவர் பட்டனைத் திருகிக்கொண்டே, இறந்துபோன மகனைப் பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார். அந்தத் துண்டை நான் எடிட்டிங் டைம்லைனுக்கே கொண்டுவரவில்லை.

படம் முடிந்ததும் அவர்களும் கேட்டார்கள். நல்ல கிளையன்ட், எதற்கு மனஸ்தாபம் என்று ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கொடுத்துவிட்டேன். சில மாதம் கழித்து, வேறொரு எடிட்டர் வெட்டிய அவர்கள் விளம்பரத்தில், பின்னணி இசையோடு அந்த இரண்டு நிமிடத்திலிருந்து ஒரு துண்டு வந்தது. பெரியவர் போன் செய்தார். சத்தம் போடவில்லை. "அதை நான் உங்ககிட்டதானே தம்பி சொன்னேன்" என்றார். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

அன்றிலிருந்து, ஃபுட்டேஜ் யாருக்குச் சொந்தம் என்று பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது லென்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்தான். நாமும் கிளையன்ட்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பது பல நேரம் அவருடைய முகத்தையும் குரலையும்தான். அவர் சம்மதித்தது பேட்டிக்கு. பேட்டிக்கு முன்னால் பேசியதற்கு அல்ல.

இப்போது கொட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன். பேசிய தொகைக்கு முடித்த படம் மட்டும். ரா ஃபுட்டேஜ், அதாவது வெட்டாமல் எடுத்தபடியே இருக்கும் காட்சிகள், வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதுவும் நான் பார்த்துப் பிரித்த பிறகுதான். நான் எடிட் செய்த ப்ராஜெக்ட் ஃபைல் கிடையாது. இசைக்கு நான் வாங்கிய லைசென்ஸ் அந்தப் படத்தோடு சரி. டெலிவரி முடிந்து ஆறு மாதம் வரை பத்திரமாக வைத்திருப்பேன், அதற்கு மேல் என்றால் வாடகை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 100 எம்பிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எட்டு மணி நேர ஷூட்டுக்கு 360 ஜிபி, பேக்கப்போடு சேர்த்தால் இரண்டு மடங்கு. அதைக் காப்பி பண்ணி, சரிபார்த்து, வருடக்கணக்கில் வைத்திருப்பதும் உழைப்புதானே.

உன் விஷயத்தில் சண்டைக்குப் போகாதே. எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் கேள். அடுத்த வருடப் படத்துக்குப் பழைய காட்சிகள் தேவைப்படலாம், அல்லது செங்குத்தாக நான்கு சின்ன வீடியோ போதும் என்பாராக இருக்கும். அதை நீயே வெட்டிக் கொடுத்தால் உனக்கு அடுத்த வேலை. இல்லை, மொத்தமும்தான் வேண்டும் என்றால் கொடு. முழுப் பணமும் கொடுத்துவிட்ட மனிதரை அலையவிடுவது நியாயமில்லை. பிரித்துக் கொடுக்கும் நேரத்துக்குக் கட்டணம் கேள், எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கலரைப் பிறகு எடிட்டில் சரிசெய்யும் லாக் (log) முறையில் எடுத்ததா? அப்படியென்றால் கலர் இல்லாமல் வெளிறித்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் கெடுத்துக் கொடுத்துவிட்டாய் என்று நினைப்பார்.

நீயும் மைக் மாட்டும்போதே ரெக்கார்டிங்கை ஓடவிடுகிறவன். டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பேட்டியின் தொடக்கத்தையும் ஹெட்போன் போட்டுக் கேட்டுவிடு. பேட்டி முடிந்ததும் கேமராவை நிறுத்தாமல் விட்ட இடங்களையும்தான். கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்